தாய்லாந்தில் ஒரு காஞ்சிபுரத்துக் குளம்

காஞ்சிபுரத்துக்காரர் யாரிடமாவது "உங்க ஊர்ல என்ன விசேஷம்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும் வரிசை மாறவே மாறாது. பட்டு, கோயில், இட்லி. கொஞ்சம் படித்தவராக இருந்தால் நாலாவதாகப் பல்லவர் வருவார்கள். இன்னும் கொஞ்சம் படித்தவராக இருந்தால் "பல்லவர்கள் தாய்லாந்து வரைக்கும் ஆண்டாங்க, தெரியுமா?" என்று ஒரு போடு போடுவார்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் இங்கே விஷயம். அது பாதி உண்மை. அந்தப் பாதியே முழுப் பொய்யைவிட எவ்வளவோ சுவாரசியம். பார்க்க வேண்டுமானால் தாய்லாந்தின் தென்பகுதியில் இருக்கும் நக்கோன் சி தம்மராட் என்ற ஊருக்குப் போக வேண்டும். அங்கே ஒரு தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் ஒரு கல். கல்லில் ஆறு வரி. எழுத்தும் தமிழ், மொழியும் தமிழ். அந்த ஆறு வரிக்குள் காஞ்சிபுரத்து ராஜா ஒருவரின் பட்டப்பெயர்.

தாய்லாந்து போகும் நம்மவர்கள் பெரும்பாலும் பாங்காக், பட்டாயா, புக்கெட் என்று மூன்று ஊரோடு திரும்பிவிடுவார்கள். நக்கோன் சி தம்மராட் அந்தப் பட்டியலில் வராது. பாங்காக்கிலிருந்து தெற்கே சுமார் 780 கிலோமீட்டர், ராத்திரி ரயில் ஏறினால் காலையில் இறங்கலாம். ஊரின் நடுநாயகம் வாட் மகாதாட் என்ற பெரிய புத்தர் கோயில். இலங்கை பாணி ஸ்தூபி, உச்சியில் தங்கம். அந்தக் கோயிலைத் தாண்டித் தெற்கே கொஞ்சம் போனால் அருங்காட்சியகம்.

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பட்டு ஜவுளிக்கடை முதலாளி அங்கே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பத்தைந்து. மகன் பாங்காக்கில் வேலை பார்க்கிறான், அவன்தான் இழுத்துக்கொண்டு போகிறான். "புக்கெட் போலாம்னு சொன்னியேடா, இங்க என்னடா இருக்கு?" என்று அப்பா கேட்க, "நம்ம ஊர் கல்லு ஒண்ணு இருக்குப்பா" என்கிறான் மகன். இப்படி இரண்டு பேர் நிஜமாகவே போனார்களா என்று கேட்காதீர்கள். கல்லும் அருங்காட்சியகமும் நிஜம், இவர்கள் இரண்டு பேரும் ஒரு வசதிக்கு.

உள்ளே போனால் முதலில் பழங்கால வெண்கல முரசுகள், டோங் சோன் பாணி. அப்புறம் சிவலிங்கங்கள். அந்தப் பக்கத்துப் பூமியில் கிடைத்தவை, வண்டியில் கொண்டுவந்தவை அல்ல. சங்கை இடுப்போடு அணைத்துப் பிடித்த பழைய விஷ்ணு ஒருவரும் உண்டு. வரதராஜப் பெருமாளைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு இந்தப் பெருமாள் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிவார். உயர்ந்த கிரீடம், அந்த ஊர் முகவெட்டு, நம்மூர் அலங்காரம் எதுவும் கிடையாது. ஆனாலும் சங்கைப் பார்த்ததும் கை தானாகக் கும்பிடப் போகும்.

அந்த ஊருக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. நகருக்குள்ளேயே சிவனுக்கு ஒரு சிறு கோயில், பெயர் ஹோ ப்ரா இசுவான். 'இசுவான்' யார் என்று காஞ்சிபுரத்துக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. எதிரே நாராயணனுக்கு ஒன்று, ஹோ ப்ரா நாராய். சிவன் கோயில் பக்கத்தில் ஓர் ஊஞ்சல் கம்பமும் நிற்கும். பாங்காக்கில் இதைவிடப் பெரிய ஊஞ்சல் கம்பம் உண்டு. திரியம்பாவாய் என்ற திருவிழாவில் அதில் ஆடுவார்கள். 1935இல் ஆடுவதை நிறுத்திவிட்டார்கள், கம்பம் மட்டும் இருக்கிறது. பெயரை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மார்கழி மாசத்து மைக் செட் காதில் கேட்கும். (அது தனிக்கதை, இன்னொரு நாள்.)

சரி, கல்லுக்கு வருவோம்.

அந்தக் கல் கிடைத்தது நக்கோன் சி தம்மராட்டில் இல்லை. தாய்லாந்தின் தென்பகுதி ஒரு வால் மாதிரி நீண்டு கிடக்கும் அல்லவா, அதன் கிழக்குக் கரைப் பக்கம் நக்கோன் சி தம்மராட். மேற்குக் கரையில், நம் வங்காள விரிகுடாவைப் பார்த்த மாதிரி இருப்பது தகுவாபா. அங்கே ப்ரா நாராய் என்ற குன்றின் பக்கத்தில் கிடைத்தது. குன்றின் பெயரே நாராயணன்! கூடவே மூன்று கற்சிலைகள், நடுவில் விஷ்ணு. ஒரு மரம் வளர்ந்து வளர்ந்து அந்தச் சிலைகளைத் தன் வேர்களால் கட்டிப்பிடித்து வைத்திருந்தது. சிலைகள் இப்போது புக்கெட் தீவில் உள்ள தலாங் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆக, புக்கெட்டுக்குக் கடற்கரை பார்க்கப் போகிறவர்கள் பல்லவர் காலத்துப் பெருமாளுக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் இளநீர் குடித்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள்.

1902இல் ஒரு சுரங்க இன்ஜினீயர் கண்ணில் அந்தக் கல் பட்டது. தகுவாபா வெள்ளீயம் கிடைக்கும் பூமி, அதனால்தான் சுரங்கக்காரருக்கு அங்கே வேலை. 1913இல் ஜெர்மன் அறிஞர் ஹுல்ட்ஷ் அதன் வாசகத்தைப் படித்து வெளியிட்டார். காஞ்சி கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகளை 1890இல் அச்சில் கொண்டுவந்தவரும் அவரேதான். 1932இல் நீலகண்ட சாஸ்திரி மறுபடி எடுத்துப் பார்த்து, முழுசாக விளக்கி எழுதினார்.

கல் உடைந்திருக்கிறது. தொடக்கத்தில் ஒரு ராஜாவின் பெயர், அதில் "வர்மன்" என்று முடியும் பகுதிதான் மிச்சம். எத்தனையாவது ஆட்சி ஆண்டு என்பது போய்விட்டது. மிச்சம் உள்ளதைச் சேர்த்துப் படித்தால் வரும் செய்தி இவ்வளவுதான்: நாங்கூர் உடையான் என்பவர் ஒரு குளம் தோண்டினார். குளத்தின் பெயர் ஸ்ரீ அவனிநாரணம். மணிக்கிராமத்தாருக்கும், சேனாமுகத்தாருக்கும், இன்னொரு கூட்டத்தாருக்கும் அந்தக் குளம் அடைக்கலம்.

அவ்வளவுதான். ஒரு ஆள், ஒரு குளம், ஒரு பெயர், பார்த்துக்கொள்ள மூன்று கூட்டம்.

அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். ஏறக்குறைய 846 முதல் 869 வரை காஞ்சியில் இருந்து ஆண்டவர். தெள்ளாற்றில் ஜெயித்தவர், நந்திக் கலம்பகத்தின் நாயகர். அந்தக் கலம்பகத்தைக் கேட்டபடியே எரியும் பந்தலுக்குள் உட்கார்ந்து உயிரை விட்டார் என்று பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர்கள் உருகிச் சொல்வார்களே, அவர்தான். அந்தக் கதைக்குச் சான்று கிடையாது. தாய்லாந்துக் குளத்துக்குக் கல்லே சான்று. எது அதிகம் பேருக்குத் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டுமா?

இப்போது அந்த "ஆண்டாங்க" விஷயம். கல்லில் படை எடுத்து வந்ததாக ஒரு வார்த்தை இல்லை. வரி வாங்கியதாக இல்லை. அதிகாரி பெயர் இல்லை. ராஜா பெயர் வருகிறது, உண்மை. ஆனால் எதற்காக வருகிறது? அந்தக் காலத்தில் தேதி போடும் வழக்கமே அதுதான், இன்ன ராஜாவுக்கு இத்தனையாவது ஆண்டு என்று. கடல் தாண்டிப் போன இடத்திலும் ஊர்க் கணக்கிலேயே தேதி போட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் இருபது வருஷமாக இருக்கிறவர் வீட்டுச் சமையலறையில் தமிழ்த் தினசரி காலண்டர் தொங்குவதில்லையா? அந்தக் காலண்டரைப் பார்த்து, தமிழ்நாட்டு அரசு சிங்கப்பூரை ஆண்டது என்று ஆயிரம் வருஷம் கழித்து ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும்!

படையெடுப்பு என்று பேச வேண்டுமானால் அதற்கு வேறு ஆதாரம் இருக்கிறது. 1025வாக்கில் ராஜேந்திர சோழன் கடற்படை அனுப்பினார். அவர் வென்றதாகத் தஞ்சைக் கல்வெட்டு அடுக்கும் ஊர்களில் தலைத்தக்கோலமும் மாதமாலிங்கமும் உண்டு. மாதமாலிங்கம் என்பது நக்கோன் சி தம்மராட் பகுதி. தலைத்தக்கோலம் தகுவாபாதான் என்று ஒரு கட்சி, இல்லை அது திராங் பக்கம் என்று இன்னொரு கட்சி. (தக்கோலம் என்பது வெற்றிலையோடு போடும் ஐந்து வாசனைப் பொருள்களில் ஒன்று. அதே பெயரில் அரக்கோணம் பக்கத்தில் ஓர் ஊரும் இருக்கிறது. 949இல் ராஜாதித்த சோழன் யானை மேலேயே செத்துப்போன போர்க்களம்.) ஆனால் அது சோழர் கதை, குளம் வெட்டி நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் கழித்து நடந்தது. அடித்தார்கள், திரும்பி வந்தார்கள்.

குளம் வெட்டியவர்கள் வேறு ஆட்கள். மணிக்கிராமம் என்பது வணிகர் குழு. கிட்டத்தட்ட அதே வருஷங்களில், 849இல், கேரளத்துக் கொல்லத்தில் தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்கு ஒரு செப்பேடு கொடுத்தார்கள். அதிலும் மணிக்கிராமம் வருகிறது, அஞ்சுவண்ணம் என்ற இன்னொரு வணிகக் குழுவோடு. கொல்லத்தில் ஒரு கால், தகுவாபாவில் ஒரு கால். இடையில் கடல்.

நம் ஜவுளிக்கடை முதலாளிக்கு இந்த இடத்தில்தான் கல் பிடிபடும். புத்தகம் படித்தவர்களைவிட அவருக்குச் சீக்கிரம் பிடிபடும் என்றுகூடச் சொல்லலாம்.

"வியாபாரத்துக்குப் போன இடத்துல எதுக்குடா குளம் வெட்டறான்?" என்று மகன் கேட்கப் போவதில்லை, அப்பாதான் கேட்பார். பதிலையும் அவரே சொல்வார். "ரொம்ப நாள் தங்கணும். அதான்."

அதேதான். பாய்மரக் காலத்தில் காற்றுதான் டிக்கெட். தென்மேற்குக் காற்றில் கிழக்கே போனால், வடகிழக்குக் காற்று கிளம்பும் வரை திரும்ப முடியாது. மாசக்கணக்கில் கரையில் காத்துக் கிடக்க வேண்டும். சரக்கை நிலவழியாகக் கிழக்குக் கரைக்குக் கொண்டுபோய் அந்தப் பக்கம் சீனத்துக் கப்பலில் ஏற்றுகிற வழியும் இருந்தது, அதற்கும் நாள் பிடிக்கும். ஐம்பது நூறு பேர் தங்கும் இடத்தில் முதலில் என்ன வேண்டும்? கோயிலா? அதற்கும் முன்னால் நல்ல தண்ணீர். குடிக்க, குளிக்க, கப்பலில் நிரப்பிக்கொண்டு போக.

நாங்கூர் சீர்காழிப் பக்கத்து ஊர். தை அமாவாசைக்கு மறுநாள் பதினொரு கருட சேவை நடக்கும் அதே திருநாங்கூர். காவிரிக் கழிமுகத்துக்காரர், ஊரில் தண்ணீருக்குப் பஞ்சம் பார்த்திராதவர், போன இடத்தில் மண்வெட்டி எடுத்திருக்கிறார். அவர் சம்பாதித்தது எவ்வளவு, என்ன சரக்கு ஏற்றினார், ஊர் திரும்பினாரா, ஒன்றும் கல்லில் இல்லை.

பெயர் வைத்த விதத்தைப் பாருங்கள். அதுதான் இந்தக் கல்லில் அசல் காஞ்சிபுரம். தன் பெயரை வைக்கவில்லை, ராஜாவின் பட்டத்தைக் குளத்துக்கு வைத்திருக்கிறார். இது அப்படியே தொண்டை நாட்டு வழக்கம். நந்திவர்மனின் அப்பா தந்திவர்மனுக்கு வயிரமேகன் என்று ஒரு பட்டம், உத்திரமேரூர் ஏரிக்குப் பெயர் வயிரமேக தடாகம். அவருக்கே மார்ப்பிடுகு என்று இன்னொரு பட்டம், திருச்சி பக்கம் திருவெள்ளறையில் இருக்கும் ஸ்வஸ்திக் வடிவக் கிணற்றுக்குப் பெயர் மார்ப்பிடுகு பெருங்கிணறு. அவனிநாரணன் என்ற பட்டமோ காவேரிப்பாக்கத்துக்குப் போனது. அந்தப் பிரம்மாண்டமான ஏரி இருக்கும் ஊரின் பழைய பெயர் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம். ஒரு ராஜா, ஒரு பட்டம். இந்தப் பக்கம் ஓர் ஏரிக்கரை ஊர், அந்தப் பக்கம் கடல் தாண்டி ஒரு குளம்.

இன்னொன்று. உள்ளூரில் ஏரி வெட்டினால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. உத்திரமேரூரில் ஏரி வாரியம் என்று தனிக் குழுவே இருந்தது, குடவோலையில் பேர் எடுப்பார்கள். 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அதற்கு விதிமுறை சொல்கின்றன. தூர் வாருவது, மடை பார்ப்பது, வரவு செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. தகுவாபாவில் சபை ஏது? வாரியம் ஏது? அதனால்தான் அந்த "அடைக்கலம்" என்ற வார்த்தை. வியாபாரிகள் ஒரு கை, சேனாமுகத்தார் ஒரு கை. சேனாமுகம் என்பதற்குப் படை முகாம் என்று பொருள் சொல்கிறார்கள், சரக்குக்குக் காவலாகப் போன வீரர்களாக இருக்கலாம். ஊர்ச் சபை செய்கிற வேலையை, ஊரே இல்லாத இடத்தில் கூடியவர்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் போய் "ஆண்டோம்" என்று சுருக்கினால் நஷ்டம் நமக்குத்தான். ராஜா அனுப்பிய சேனை குளம் வெட்டினால் அது ராஜா செலவு. பிழைக்கப் போனவர்கள் கைக்காசைப் போட்டு வெட்டி, அதற்குப் பெயரும் வைத்து, காவலும் வைத்து, கல்லிலும் எழுதி வைப்பது வேறு ஜாதிப் பெருமை.

நந்திவர்மன் என்றாலே இப்படி ஊதிவிடும் ஆசை நம்மவர்களுக்கு வந்துவிடுகிறது. வைகுந்தப் பெருமாள் கோயில் பிராகாரத்தில் பல்லவர் சரித்திரத்தையே சுவரில் செதுக்கி வைத்திருக்கிறார்களே, அதில் இரண்டாம் நந்திவர்மன் பன்னிரண்டு வயதுப் பையனாக வந்து பட்டம் ஏறும் காட்சி உண்டு. மலையும் ஆறும் காடும் கடந்து வந்ததாகத்தான் அங்கே எழுதியிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு "கம்போடியாவிலிருந்து கப்பலில் வந்த ராஜகுமாரன்" என்று சொல்லாதவர் பாக்கியில்லை. அப்படி இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் யூகித்தது உண்டு. யூகம் என்ற வார்த்தை மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

பெரிய ராஜாக்களை விட்டுவிட்டுப் பார்த்தால் தாய்லாந்தில் தமிழ் இன்னும் பழசு. கிராபி பக்கம் க்ளோங் தோம் என்ற ஊரில், ஒரு புத்தர் கோயிலுக்குள்ளேயே சின்ன அருங்காட்சியகம். அங்கே விரல் நீளத்தில் ஓர் உரைகல், தங்கம் உரசிப் பார்ப்பது. அதில் பழைய தமிழ் எழுத்தில் "பெரும்பதன் கல்" என்று இருக்கிறது, கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டு. பெரிய தட்டானுடைய கல் என்று பொருள். அவ்வளவுதான், ஒரு தொழிலாளி தன் கருவியில் பெயர் எழுதி வைத்திருக்கிறார், யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதென்று. காஞ்சிபுரத்தில் பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர்கள் இன்றைக்கும் ஜரிகையை உரசித்தான் விலை சொல்கிறார்கள். நம் முதலாளிக்கு அந்தக் கல்லின் முன்னால் மொழிபெயர்ப்பே தேவைப்படாது.

காஞ்சிபுரத்திலேயே இப்படி ஓர் இடம் இல்லையா என்றால், 1999இல் அரசு அருங்காட்சியகம் ஒன்று தொடங்கினார்கள். ஆனால் ஊரில் கிடைத்த முக்கியமான சிலது எப்போதோ ஊரை விட்டுப் போய்விட்டன. காமாட்சியம்மன் கோயிலில் இருந்த ஆளுயரத்தையும் தாண்டிய நின்ற கோலத்துப் புத்தர் இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறார். யுவான் சுவாங் வந்துபோன ஊர், ஒரு காலத்தில் பௌத்தம் பேசிய ஊர் என்று சொல்லிக்கொள்ள ஊருக்குள் தடயம் தேட வேண்டியிருக்கிறது. புத்தர் எழும்பூரில், பெருமாள் புக்கெட்டில், குளத்துக் கல் நக்கோன் சி தம்மராட்டில். பட்டுப்புடவை மாதிரியே ஊர்ச் சரித்திரமும் வெளியூரில்தான் நன்றாக விலை போகிறது!

குளத்தை மதிக்கத் தெரியாத ஊரும் இல்லை இது. வரதராஜர் கோயில் அனந்தசரஸுக்குள் அத்திவரதரை நாற்பது வருஷம் தண்ணீருக்கடியில் வைத்துக் காப்பாற்றுகிற ஊர். 1979க்கு அப்புறம் 2019இல் வெளியே எழுந்தருளப்பண்ணி, 48 நாள் கழித்து மறுபடி உள்ளே வைத்தார்கள். லட்சக்கணக்கில் ஜனம். அத்தனை பேரும் பார்த்தது அத்தி மரச் சிலையை. குளத்தை அன்றைக்கு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தாய்லாந்து வரை போக முடியாதவர்களுக்கு ஒரு யோசனை. காஞ்சியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் காவேரிப்பாக்கம். இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். மழைக்காலம் முடிந்த கையோடு போங்கள், கார்த்திகை நல்லது. கரை மேல் ஏறி நின்றால் எதிர்க்கரை தெரியாது. பெயர்ப்பலகை எதுவும் தேட வேண்டாம், அவனிநாரணன் பெயரை அங்கே இப்போது யாரும் சொல்வதில்லை. கரையோரம் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் கேட்டால் மடை எந்தப் பக்கம், போன வருஷம் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று விவரமாகச் சொல்வார்.